தூளியில் ஓர் இரவு: கொசு மேலிருந்து மட்டும் வருவதில்லை

நீங்கள் கேட்டதைச் சுருக்கிக்கொள்கிறேன். இரண்டு மரங்களுக்கு நடுவே ஹேமக் கட்டி ஓர் இரவு வெளியில் தங்கியிருக்கிறீர்கள். மேலே கொசுவலை இருந்தும் விடிந்து பார்த்தால் முதுகு முழுக்கத் தடிப்பு. நள்ளிரவுக்குப் பிறகு குளிர் வேறு. உடம்பு வில்லாக வளைந்து இடுப்பில் வலி. மறுபடி போகப் போகிறீர்கள், இந்த முறையாவது தூங்க வழி உண்டா என்று கேட்கிறீர்கள்.

உண்டு. நீங்கள் சொன்னவற்றில் கொசுவும் குளிரும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன: உங்களுக்கு அடியிலிருந்து. தரையில் படுப்பவருக்கு முதுகுக்குக் கீழே மண் இருக்கிறது. தூளியில் படுப்பவருக்கு (ஹேமக்கை இனித் தூளி என்றே எழுதுகிறேன், பொருள் அதுதானே) முதுகுக்குக் கீழேயும் காற்றுதான், அந்தக் காற்றில் கொசுதான். நாம் என்ன செய்கிறோம் என்றால், வலை, கூரை, போர்வை என்று எல்லாவற்றையும் மேலே போட்டுக்கொண்டு அடிப்பக்கத்தை மறந்துவிடுகிறோம். இடுப்பு வலி மட்டும் வேறு கதை, அது கட்டுகிற விதத்தில் இருக்கிறது. அதை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் கட்டு சரியில்லாவிட்டால் மற்ற ஏற்பாடெல்லாம் வீண்.

முதல்முறை கட்டுகிறவர்கள் பெரும்பாலும் தூளியைக் கட்டில் மாதிரித் தட்டையாக ஆக்கப் பார்ப்பார்கள். பலம்கொண்ட மட்டும் இழுத்துக் கட்டுவார்கள். ஏறிப் படுத்ததும் துணி இரு பக்கமும் சுவர்போல எழும்பித் தோளை நெரிக்கும், நடுவில் உடம்பு வாழைப்பழம்போல வளையும். நானும் அப்படித்தான் கட்டினேன். இரவு இரண்டு மணிக்கு இறங்கி ஒரு பாறைமேல் உட்கார்ந்து விடியலுக்குக் காத்திருந்தேன். தொய்வாகக் கட்டினால்தான் தூளி தட்டையாகும். கேட்கும்போது முரணாகத்தான் இருக்கும். ஆனால் துணி தொய்வாக இருந்தால்தான் அகலவாக்கில் இடம் கிடைக்கிறது. அந்த இடத்தில் உடம்பைக் குறுக்காகப் போட்டால் முதுகு நேராகிவிடும்.

எவ்வளவு தொய்வு? தூளியை மரத்தோடு கட்டும் நாடா மரத்திலிருந்து இறங்கி வரும் சாய்வு கிடைமட்டத்திலிருந்து 30 பாகை இருக்கவேண்டும். கோணமானி தேவையில்லை. மரத்தருகே நின்று கையைத் துப்பாக்கி மாதிரிப் பிடியுங்கள்: கட்டைவிரல் நேர் மேலே, ஆள்காட்டிவிரல் தூளி இருக்கும் பக்கம். கட்டைவிரல் நுனியிலிருந்து ஆள்காட்டிவிரல் நுனிக்கு ஒரு கோடு போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். நாடா அந்தக் கோட்டின் சாய்வில் இறங்கினால் சரி. இது சொகுசுக்காக மட்டும் சொல்வதில்லை. 70 கிலோ எடையுள்ள ஒருவர் அசையாமல் படுத்திருக்கும்போது, 30 பாகையில் ஒவ்வொரு நாடாவிலும் விழும் இழுவிசை ஏறத்தாழ அதே 70 கிலோ. 15 பாகை ஆனால் 135 கிலோ. 10 பாகையில் 200. விறைப்பாக 5 பாகையில் கட்டினால் 400 கிலோ. ஒரு குதி குதித்து உட்கார்ந்தால் இன்னும் மேலே போகும். நாடா அறுவதும், முடிச்சு இறுகிப்போய்க் காலையில் அவிழ மறுப்பதும், சின்ன மரம் வளைவதும் இதனால்தான்.

ஒவ்வோர் இடத்திலும் இந்தத் தொய்வை அளந்துகொண்டிருக்க முடியாது என்றால் முகட்டுக் கயிறு ஒன்று கட்டிவிடுங்கள். தூளியின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு, உங்கள் முகத்துக்கு மேலே போகும் நீளாத கயிறு அது. அதன் நீளம் தூளித் துணியின் நீளத்தில் 83 சதவீதம் என்பது பழகியவர்கள் வைத்திருக்கும் கணக்கு. 3.3 மீட்டர் தூளி என்றால் கயிறு ஏறக்குறைய 2.75 மீட்டர். மரங்கள் கொஞ்சம் தள்ளியிருந்தாலும் கிட்டே இருந்தாலும் தூளியின் தொய்வை இந்தக் கயிறு ஒரே அளவில் வைத்திருக்கும். படுத்தபிறகு அதை விரலால் நெருடிப் பாருங்கள். கொஞ்சம் வளைந்துகொடுக்கவேண்டும். வீணைத் தந்தி மாதிரி டங்கென்று நின்றால் நாடாவை இன்னும் தளர்த்தவேண்டும். கொசுவலையை முகத்தில் விழாமல் தாங்கப்போவதும், டார்ச்சையும் கண்ணாடியையும் தொங்கவிட இடம் தரப்போவதும் இதே கயிறுதான். எனக்குத் தூளியில் ஒரே ஒரு உபரிப் பொருள்தான் அனுமதி என்றால் இதைத்தான் கேட்பேன்.

படுக்கும் விதத்துக்கு வருவோம். தூளியின் நடுக்கோட்டில் படுக்காதீர்கள். தலையை ஒரு பக்கம், காலை எதிர்ப்பக்கம் தள்ளிக் குறுக்காகப் படுங்கள். 15 முதல் 20 பாகை திரும்பினால் போதும், உடம்பு கிட்டத்தட்டச் சமமாகிவிடும். சிலருக்குத் தலை இடப்பக்கம் வாகாக இருக்கும், சிலருக்கு வலப்பக்கம். பகலில் இரண்டையும் பார்த்துவிடுங்கள். கால்பக்க நாடாவைத் தலைப்பக்கத்தைவிட ஒரு சாண் உயரத்தில் கட்டுங்கள். உடம்பின் கனமெல்லாம் இடுப்புக்கு மேலே இருப்பதால் இரண்டையும் சமமாகக் கட்டினால் இரவு முழுக்கக் கால்பக்கம் சறுக்கிக்கொண்டே போவோம், அரைமணிக்கொரு முறை மேலே ஏறவேண்டியிருக்கும். முழங்கால் பின்னோக்கி இழுபடுவதுபோல் இருந்தால் முழங்காலுக்கு அடியில் ஒரு சட்டையைச் சுருட்டி வையுங்கள். இந்தச் சுருட்டிய சட்டையால் மட்டுமே பலருடைய இடுப்பு வலி போயிருக்கிறது. தலையணை கையளவு இருந்தால் போதும், அது தலைக்கு அல்ல, கழுத்துக்கு.

இவ்வளவு செய்தும் வளைந்தே கிடந்தால் தூளி குட்டையாக இருக்கிறது என்று பொருள். மலிவாகக் கிடைப்பவை பல 2.6, 2.7 மீட்டர்தான் இருக்கும். உட்கார்ந்து ஆட நன்றாக இருக்கும், இரவுக்கு ஆகாது. சராசரி உயரமுள்ளவருக்கு 3 மீட்டராவது வேண்டும், உயரமானவர் 3.3க்குப் போகலாம். இரு முனையிலும் மரக்கட்டை வைத்து விரித்த வகை தோட்டத்துக்கு அழகு, தூக்கத்தில் புரண்டால் கவிழ்த்துவிடும். நாடா 2.5 சென்டிமீட்டர் அகலத்துக்குக் குறையாமல் பாலியெஸ்டரில் இருக்கட்டும். மெல்லிய கயிறு மரத்தோலை அறுக்கும், நைலான் நாடா ஈரத்தில் நீளும்.

மரம் உயிரோடு இருக்கவேண்டும், தண்டு ஒரு சாண் கனமாவது இருக்கவேண்டும். இரண்டுக்கும் இடையே நாலு, நாலரை மீட்டர். நாடாவை ஏறக்குறைய உங்கள் தலை உயரத்தில் கட்டினால், உட்கார்ந்தபிறகு தூளி நாற்காலி உயரத்துக்கு, அதாவது 45 சென்டிமீட்டருக்கு வந்து நிற்கும். அதைவிட உயரே கட்டி வீரம் காட்டவேண்டாம். கட்டுமுன் அண்ணாந்து பாருங்கள்: பட்ட கிளை, கனமான காய் எதுவும் தலைக்கு மேலே தொங்கக்கூடாது. குனிந்தும் பாருங்கள்: கூர்க்கல்லோ வெட்டிய அடிமரமோ கீழே இருக்கக்கூடாது.

சரி, குளிர். ஸ்லீப்பிங் பேக் (உள்ளே நுழைந்து படுக்கும் பஞ்சுப் பை) தடிமனாகத்தானே இருந்தது, பின் ஏன் முதுகு சில்லிட்டது என்பீர்கள். பஞ்சோ இறகோ தானாகச் சூடு தருவதில்லை. அதற்குள் அடைபட்டிருக்கும் காற்றுதான் சூட்டைத் தடுத்து நிறுத்துகிறது. நீங்கள் அதன்மேல் படுத்ததும் உங்கள் எடை அந்தக் காற்றை நசுக்கி வெளியேற்றிவிடுகிறது. முதுகுக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே மிஞ்சுவது மெல்லிய துணி மட்டும். காற்று அதன் அடியில் வீச வீச உடம்புச் சூட்டை உருவிக்கொண்டு போகும். அதனால்தான் பகலில் வியர்த்த இடத்திலேயே, இரவு வெப்பம் 20 பாகை செல்சியஸ் இருக்கும்போதே, தூளியில் படுத்தவருக்கு இடுப்பு சில்லிடுகிறது. மேலே இன்னொரு போர்வை போட்டுப் பயனில்லை.

இதற்கு நல்ல வழி அடிப்போர்வை. தூளிக்கு வெளியே, அதன் அடிவயிற்றில் ஒட்டினாற்போல் தொங்கவிடும் போர்வை அது. உங்கள் எடை அதன்மேல் விழாததால் நசுங்காது. ஆனால் சும்மா தொங்கவிட்டால் ஆகாது. தூளிக்கும் அதற்கும் நடுவே இடைவெளி விழுந்தால் காற்று புகுந்துவிடும், இறுக்கிக் கட்டினால் நசுங்கிப் பயனற்றுப்போகும். படுத்துக்கொண்டு கூட வந்தவரை அடியில் கைவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கும் வெற்றிடம் தட்டக்கூடாது, முக்கியமாகத் தோள்பக்கமும் கால்பக்கமும்.

கையில் இருப்பதை வைத்துச் சமாளிக்க ஒரு ஃபோம் பாய் போதும். ஒரு சென்டிமீட்டர் தடிமனில் உள்ளதே முதுகைக் காப்பாற்றிவிடும். அதில் இரண்டு தொல்லைகள். ஒன்று, பாய்கள் பெரும்பாலும் அரை மீட்டர் அகலம்தான், ஆனால் தூளி உடம்பைச் சுற்றி மடிகிறது, அதனால் தோள்கள் பாய்க்கு வெளியே நின்று குளிரும். பழைய பாயில் ஒரு துண்டு வெட்டித் தோள் இருக்கும் இடத்தில் குறுக்கே போட்டுவிடுங்கள். இரண்டு, நீங்கள் புரளும்போது பாய் நழுவிப்போகும். இரண்டடுக்குத் துணியுள்ள தூளி என்றால் பாயை நடுவே சொருகிவிடலாம், அது அசையாது. காற்றடைத்த மெத்தை என்றால் பாதிக் காற்று போதும், முழுக்க அடைத்தால் படகுமேல் படுத்த மாதிரி வழுக்கும்.

இப்போது முதுகுத் தடிப்புக்கு வரலாம். கொசுவின் ஊசி ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் இருக்கும். தூளித் துணியின் தடிமன் அதில் ஒரு சிறு பங்குதான். உங்கள் எடையால் துணி முதுகோடு இறுக ஒட்டி, இழைகளும் விரிந்துகொடுத்திருக்கின்றன. மூச்சிலிருந்து வரும் கரியமில வாயுவும் வியர்வை வாசனையும் உடம்புச் சூடும் கொசுவை அழைத்து வந்துவிட்டன. மேலே வலை, நுழைய முடியவில்லை. சுற்றிக்கொண்டு அடியில் வருகிறது, அங்கே தடையே இல்லை. காலையில் சட்டையைக் கழற்றிப் பார்த்தால், துணி ஒட்டியிருந்த தோள்பட்டையிலும் பிட்டத்திலும் மட்டும் தடிப்பு, இடுப்பு வளைவில் ஒன்றும் இருக்காது. உங்கள் தடிப்புகளும் அப்படித்தான் இருந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், அடியிலிருந்துதான் கடித்திருக்கிறது.

அடைக்க நாலு வழி உண்டு. குளிர் இரவு என்றால் மேலே சொன்ன அடிப்போர்வையோ ஃபோம் பாயோ இதையும் சேர்த்தே பார்த்துக்கொள்ளும், அந்தத் தடிமனைக் கொசுவின் ஊசி தாண்டாது. இரண்டடுக்குத் தூளி ஓரளவு தடுக்கும். ஆனால் எடை விழும் இடத்தில் இரண்டு அடுக்கும் ஒன்றோடொன்று ஒட்டிவிடுவதால் அதை மட்டும் நம்பமாட்டேன். புழுக்கமான இரவில்தான் சிக்கல்: பாய் போட்டால் முதுகு நனையும், போடாவிட்டால் கடிக்கும். அங்கே என் முதல் தேர்வு, தூளியை முழுவதுமாக உறைபோலச் சுற்றிவரும் குழாய் வலை. அது தூளிக்கு அடியில் ஒட்டாமல் இரண்டு மூன்று விரற்கடை தள்ளித் தொங்கவேண்டும். அந்த இடைவெளிதான் காப்பு. தூளியின் விளிம்பிலேயே தைத்து ஜிப் வைத்த வலை வேலைக்குச் சுலபம், பூட்டிவிட்டால் போதும். ஆனால் அது மேல்பாதியை மட்டும்தான் காக்கும். நீங்கள் கொண்டுபோனது இந்த வகையாக இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். அதைத் தூக்கிப்போடத் தேவையில்லை, அடித்துணிக்குப் பெர்மெத்ரின் போட்டால் சரியாகிவிடும். அதுதான் நாலாவது வழி.

பெர்மெத்ரின் துணிக்குப் போடும் பூச்சிக்கொல்லி, தோலில் தடவுவதல்ல. துணிக்கென்றே 0.5 சதவீதத்தில் விற்பதை வாங்குங்கள். வேறு வேலைக்கு விற்கும் செறிந்த மருந்தை நீங்களே நீர் கலந்து சோதனை செய்யவேண்டாம். கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்பு, திறந்த வெளியில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று, தூளியின் வெளிப்பக்க அடித்துணி ஈரமாகும்வரை தெளித்து, முழுக்கக் காயவிடுங்கள். காய்ந்தபின் வாசனை இருக்காது. பூச்சி வந்து உட்கார்ந்தால்தான் வேலை செய்யும், தூரத்தில் விரட்டாது. வீட்டில் தெளித்தது ஏறக்குறைய 6 வாரமோ 6 சலவையோ தாங்கும். வெயில் அதன் ஆயுளைக் குறைக்கும், அதனால் பகலில் தூளியைச் சுருட்டி வைத்துவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: ஈரமாக இருக்கும்போது பூனைக்கு இது நஞ்சு, மீனுக்கும் தேனீக்கும் எப்போதுமே நஞ்சு. தெளித்த துணியை ஓடையில் அலசாதீர்கள்.

வலையைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை. வலை உடம்பில் பட்டால் அந்த இடத்தில் வலை இல்லாத மாதிரிதான். குறுக்காகப் படுக்கும்போது முழங்கையும் பாதமும் பக்கச் சுவரில் முட்டும், அந்த இடத்தில்தான் கடி விழும். முகட்டுக் கயிறு வலையை உயர்த்திப் பிடிக்கும், பக்கவாட்டில் ஒரு மெல்லிய ரப்பர் கயிறு கட்டித் தரையிலோ செடியிலோ இழுத்துவிட்டால் இன்னும் அகலும். அடுத்தது கண்ணியின் அளவு. படுக்கை வலைகளில் வழக்கமாக இருப்பது சதுர அங்குலத்துக்கு 156 கண், அது கொசுவுக்குச் சரி. மணல் ஈயும், நீரோரங்களில் மாலையில் மொய்க்கும் கடுகளவுப் பூச்சிகளும் அதற்குள் நுழைந்துவிடும். அப்படிப்பட்ட இடம் என்றால் நெருக்கக் கண்ணி வலை வேண்டும். அதில் காற்றும் குறைவாகத்தான் வரும், புழுக்கம் கூடும். அந்தப் பூச்சி இல்லாத இடத்துக்கு எதற்கு அதைச் சுமக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

வலைக்குள் போவதற்கு முன்பே கடிவாங்கிவிடுபவர்கள் ஏராளம். கட்டிக்கொண்டும், சாப்பிட்டுக்கொண்டும், பல் துலக்கிக்கொண்டும் இருக்கும் அந்திப் பொழுதில்தான் ஏடிஸ் கொசு தன் கடைசிச் சுற்றை வரும், இருட்டியதும் அனாஃபிலஸும் கியூலெக்ஸும் கிளம்பும். எனவே சூரியன் இறங்குமுன் முழுக்கைச் சட்டை, தளர்வான பேண்ட், சாக்ஸ் போட்டுவிடுங்கள். ஒட்டிய உடையின் வழியாகவும் கடிக்கும், தளர்ந்த உடையில் அது கடினம். வெளியே தெரியும் தோலுக்கு டீட் அல்லது பிகாரிடின், இரண்டும் தோலில் பூசும் கொசுவிரட்டிகள். டீட் 1946இல் அமெரிக்க ராணுவத்துக்காக உருவானது, 1957 முதல் பொதுமக்கள் பயன்படுத்துகிறார்கள், இன்றும் நம்பகமானது. 20, 30 சதவீதம் ஓர் இரவுக்குப் போதும். சதவீதம் கூடினால் காப்பு நேரம் நீளுமே தவிரக் கொசு இன்னும் பயப்படப்போவதில்லை. ஆனால் டீட் பிளாஸ்டிக்கை உருக்கும், மூக்குக்கண்ணாடி, கடிகாரம், இழுபடும் ஸ்பான்டெக்ஸ் துணி எல்லாம் கெடும். நைலான் தூளிக்கு ஒன்றும் ஆகாது. பிகாரிடினுக்கு அந்தக் குணம் இல்லை, பிசுபிசுப்பும் குறைவு, அதனால் என் பையில் இருப்பது 20 சதவீதப் பிகாரிடின். சன்ஸ்கிரீன் போடுவதாக இருந்தால் முதலில் அது, அப்புறம் இது.

கையில் கட்டும் வாசனை வளையம், காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பும் கருவி இவற்றுக்குக் காசு செலவழிக்காதீர்கள். கொசுவர்த்தி திறந்த வெளியில் காற்று மாறியதும் பயன் இழக்கும். அதைத் தார்ப்பாய்க்கு அடியில் வைப்பதோ வலைக்குள் வைப்பதோ கூடவே கூடாது. நைலான் ஒரு பொறி பட்டால் உருகி ஓட்டையாகும், உருகிய துளி தோலில் ஒட்டிக்கொள்ளும்.

ஏறுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. செருப்பைக் கழற்றுவது, தண்ணீர் குடிப்பது, சிறுநீர் கழிப்பது எல்லாம் முடித்துவிட்டுத்தான் ஜிப்பைத் திறக்கவேண்டும். முழுக்கத் திறக்காதீர்கள், உடம்பு நுழையும் அளவு போதும். முதலில் பின்பக்கமாக உட்கார்ந்து, காலை உள்ளே இழுத்து, உடனே மூடுங்கள். ஜிப்பின் பிடி எப்போதும் ஒரே இடத்தில், தலைப்பக்கத்தில் நிற்கும்படி பழகினால் இருட்டில் தேடவேண்டியதில்லை. டார்ச்சைச் சிவப்பு வெளிச்சத்தில் வைத்தால் விட்டில்கள் அவ்வளவாக வராது. மூடியபிறகு வெள்ளை வெளிச்சத்தில் உள்ளே ஒரு சுற்றுப் பாருங்கள். உள்ளே மாட்டிய ஒரே ஒரு கொசு வெளியில் இருக்கும் நூறைவிடக் கொடுமை, அதை முடிக்காமல் கண்ணை மூடாதீர்கள்.

ஊர்ந்து வருபவற்றுக்குத் தூளியில் பாலம் இரண்டே இரண்டு, அந்த நாடாக்கள். எறும்பு மரத்திலிருந்து அதன்வழியே வரிசையாக வந்துவிடும். கட்டுமுன் தண்டில் எறும்புச் சாரி ஓடுகிறதா என்று பார்த்து வேறு மரம் தேடுவதுதான் முதல் வைத்தியம். நாடாவுக்கும் பெர்மெத்ரின் தெளிக்கலாம், தூளியை நாடாவில் மாட்டும் உலோகக் கொக்கியான காரபைனரில் கொஞ்சம் வாசலைன் தடவிவைக்கலாம். உண்ணி மரத்திலிருந்து குதிக்கும் என்பார்கள், அப்படி இல்லை. புல்நுனியில் காத்திருந்து கால்வழியே ஏறுகிறது. படுக்குமுன் முழங்காலின் பின்புறம், இடுப்புப்பட்டி, அக்குள் ஆகிய இடங்களைத் தடவிப் பாருங்கள். கடித்திருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்கவேண்டும், தீயோ எண்ணெயோ வேண்டாம். ஷூவைத் தரையில் விடாமல் முகட்டுக் கயிற்றில் கவிழ்த்துத் தொங்கவிடுங்கள். தேளும் பூரானும் ஈரமான ஷூவை வீடு என்றே நினைக்கின்றன. எப்படியும் காலையில் உதறிவிட்டுத்தான் காலை நுழைக்கவேண்டும்.

இடத் தேர்வில் ஒரு இக்கட்டு உண்டு, அதை மறைக்கப்போவதில்லை. கொசு பலவீனமாகப் பறப்பது, மெல்லிய காற்று வீசினாலே திணறும். ஆகவே தேங்கிய நீரிலிருந்து தள்ளி, மேட்டில், காற்றோட்டமாகக் கட்டச் சொல்வார்கள். அதே காற்றுதான் உங்கள் முதுகுச் சூட்டை உருவப்போகிறது. என் தீர்ப்பு இது: அடிப்பக்கத்துக்கு ஏற்பாடு இருந்தால் தைரியமாகக் காற்றோட்டமான இடத்தை எடுங்கள். இல்லாவிட்டாலும் பள்ளத்துக்குப் போகாதீர்கள், குளிர்ந்த காற்று இரவில் இறங்கித் தேங்குவது அங்கேதான், கொசுவும் அங்கேதான். நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது தள்ளியிருப்பது விலங்குகள் வந்து நீர் குடிக்கவும் வழிவிடும். தார்ப்பாயைக் காற்றுவரும் பக்கம் தாழ்த்தி, மறுபக்கம் உயர்த்திக் கட்டினால் இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம் கிடைக்கும்.

மழைக்கு: தார்ப்பாய் தூளியைவிட இரு முனையிலும் ஒரு முழமாவது நீண்டிருக்கட்டும். மரத்தில் வழியும் நீர் நாடாவழியே தூளிக்குள் வந்துவிடும். அதைத் தடுக்க, தார்ப்பாய்க்கு அடியில் வரும் நாடாப் பகுதியில் ஒரு சாண் பருத்திக் கயிறோ துணித் துண்டோ கட்டித் தொங்கவிடுங்கள். நீர் அதன்வழியே இறங்கிச் சொட்டிவிடும். படுத்து அரைமணி கழித்து எழுந்து நாடாவை ஒருமுறை பாருங்கள். புதுத் தூளி முதல் மணிநேரத்தில் கொஞ்சம் இறங்கும், இறுக்கவேண்டியிருக்கலாம்.

போவதற்கு முன் ஒருநாள் பக்கத்தில் எங்காவது கட்டி இரண்டு மணிநேரம் படுத்துப் பாருங்கள், பகலில் அல்ல, இருட்டிய பிறகு. பகலில் எந்தத் தூளியும் சுகமாகத்தான் இருக்கும்.

கூடாரமே மேலா என்ற கேள்வியும் உங்கள் மனதில் இருக்கலாம். குப்புறப் படுத்தால்தான் தூக்கம் வரும் என்பவர், முழங்கால் மூட்டில் ஏற்கனவே தொல்லை உள்ளவர், பக்கத்தில் குழந்தையைப் போட்டுக்கொண்டு படுக்கவேண்டியவர், இவர்களுக்கு நான் கூடாரத்தைத்தான் சொல்வேன். பக்கவாட்டில் படுப்பவர்களுக்குக் கவலையில்லை, குறுக்காகப் படுத்துக் காலை மடக்கினால் தூளி அவர்களுக்கும் இசைந்துகொடுக்கும். உங்கள் இடுப்பு வலி பழைய நோயாக இல்லாமல் அந்த ஒரு இரவில் வந்ததாக இருந்தால், நாடாவைத் தளர்த்தி, கால்பக்கத்தை ஒரு சாண் உயர்த்தி, அடியில் ஒரு ஃபோம் பாயைப் போட்டு இன்னொரு முறை பாருங்கள்.